பகுதியில் நிற்கும் எண்

உயர்நிலைப் பள்ளிக் கணிதத்தில் எளிதாக மதிப்பெண் தரும் பாடம் என்று மாணவர்களும் ஆசிரியர்களும் ஒருசேர நம்புவது நிகழ்தகவு. தமிழ்நாட்டுப் பாடநூல்களில் ஒன்பதாம் வகுப்பில் கடைசி இயலாகவும், பத்தாம் வகுப்பில் புள்ளியியலோடு சேர்ந்து மறுபடியும் கடைசி இயலாகவும் அது இடம்பெற்றிருப்பதால், தேர்வு நெருங்கும் நாட்களில் விரைந்து நடத்தி முடிக்கப்படுவதும், ஒரு சூத்திரமும் சில மாதிரிக் கணக்குகளும் போதும் என்ற எண்ணம் வேரூன்றிவிடுவதும் இயல்பாகவே நேர்கின்றன. சூத்திரம் எளியதுதான். எந்தெந்த விளைவுகள் வரக்கூடும் என்பது முன்கூட்டியே தெரிந்திருந்தும், அவற்றுள் எது வரும் என்பது தெரியாத செயலுக்குச் சமவாய்ப்புச் சோதனை என்று பெயர். அதன் விளைவுகள் அனைத்தும் அடங்கிய கணம் கூறுவெளி. அக்கணத்திலிருந்து கேட்கப்பட்டவற்றை மட்டும் பிரித்தெடுத்த உட்கணம் நிகழ்ச்சி. நிகழ்ச்சியில் உள்ள விளைவுகளின் எண்ணிக்கையைத் தொகுதியிலும், கூறுவெளியில் உள்ளவற்றின் எண்ணிக்கையைப் பகுதியிலும் எழுதினால் கிடைக்கும் பின்னமே அந்நிகழ்ச்சியின் நிகழ்தகவு. ஆனால் பகுதியில் எழுதப்படும் அந்த எண் எங்கிருந்து வருகிறது என்ற கேள்வி வகுப்பறையில் மிக அரிதாகவே எழுப்பப்படுகிறது. பாடத்தின் கடினமும் அழகும் அங்கேதான் இருக்கின்றன.

ஒரு பையில் 3 சிவப்புப் பந்துகளும் 7 வெள்ளைப் பந்துகளும் இருக்கின்றன. பார்க்காமல் ஒரு பந்து எடுத்தால் அது சிவப்பாக இருப்பதற்கான நிகழ்தகவு யாது என்பது இவ்வியலில் முதலில் வரும் வகைக் கணக்கு. எதிர்பார்க்கப்படும் விடை 3/10. ஒரு மாணவி 1/2 என்று எழுதினால் அது தவறென்று அடிக்கப்படுகிறது. அவள் எவ்வழியே அவ்விடைக்கு வந்தாள் என்று பெரும்பாலும் யாரும் கேட்பதில்லை. கேட்டால், வருவது சிவப்பு அல்லது வெள்ளை, வேறு எதுவும் வர வழியில்லை, ஆகவே இரண்டில் ஒன்று என்பாள். அவள் சூத்திரத்தை மீறவில்லை. நிறங்களை விளைவுகளாகக் கொண்டால் கூறுவெளியில் இரண்டே உறுப்புகள்தான் உண்டு. ஒன்றை இரண்டால் வகுத்தல் சூத்திரப்படி சரியானதே. சூத்திரத்துக்கு முன்னால் நிற்க வேண்டிய ஒரு நிபந்தனையை, அதாவது எண்ணப்படும் விளைவுகள் ஒவ்வொன்றும் மற்றதைப் போலவே எளிதாக நிகழக்கூடியதாக இருக்க வேண்டும் என்பதை, அவளுக்கு எவரும் உணரும்படி சொல்லவில்லை. அந்நிபந்தனையை நிறைவேற்ற வேண்டுமானால் பந்துகளின் நிறத்தை மறந்துவிட்டு, அவற்றுக்கு 1 முதல் 10 வரை எண்கள் இட்டதாகக் கற்பனை செய்து, கையில் எந்த எண் அகப்படும் என்று முதலில் கேட்க வேண்டும். கை எல்லாப் பந்துகளையும் ஒன்றுபோலவே தொடும் என்று ஒப்புக்கொள்ள வேண்டும். அதன் பிறகே அந்தப் பத்தில் எத்தனை சிவப்பு என்று எண்ணலாம். வினாத்தாளில் 10 என்ற எண் எங்கும் அச்சிடப்படவில்லை. அது மாணவரால் உருவாக்கப்படும் எண். உருவாக்கும் செயலுக்குள் உலகைப் பற்றிய ஒரு தீர்ப்பு அடங்கியிருக்கிறது.

தெரியாத விளைவுகளை எல்லாம் சமமாகக் கருதும் இந்தப் போக்கைப் பிரெஞ்சு ஆய்வாளர் மரி-போல் லெகூத்ர் 1992இல் வெளியிட்ட ஆய்வில் விரிவாக ஆராய்ந்தார். நிகழ்தகவைப் பாடமாகப் படித்தவர்களிடமிருந்தும் அது எளிதில் அகலுவதில்லை என்பது அத்துறையில் இன்று ஏற்கப்பட்ட செய்தி. கணித வரலாறும் அதற்குச் சான்று தருகிறது. நுண்கணிதத்தைக் கண்டவர்களுள் ஒருவரான லைப்னிட்ஸ், இரண்டு பகடைகளை உருட்டும்போது கூடுதல் 11 வருவதும் 12 வருவதும் ஒரே அளவு எளிது என்று கருதினார். 11க்கு ஐந்தும் ஆறும், 12க்கு ஆறும் ஆறும் என ஒவ்வொன்றுக்கும் ஒரே வழிதான் என்பது அவர் எண்ணம். இரு பகடைகளையும் தனித்தனியே அடையாளம் கண்டால் 36 விளைவுகளில் 11 இரண்டு முறையும் 12 ஒரு முறையும் தோன்றுவதை இன்றைய பத்தாம் வகுப்பு மாணவர் அட்டவணை போட்டுக் காட்டிவிடுவார். புகழ்பெற்ற பிரெஞ்சுக் கலைக்களஞ்சியத்தில் 1754இல் தலாம்பேர் எழுதிய பதிவு இன்னும் வியப்புக்குரியது. நாணயத்தை இரண்டு முறை சுண்டுவதற்குள் தலை விழுவதற்கான வாய்ப்பை ஆராய்ந்த அவர், முதல் முறையே தலை விழுந்தால் ஆட்டம் முடிந்துவிடுவதால், தலை, பூவுக்குப் பின் தலை, பூவுக்குப் பின் பூ என்று மூன்றே நிலைகள் உண்டு, ஆகவே விடை 2/3 என்று வாதிட்டார். சரியான விடை 3/4. முதல் முறையே தலை விழும் நிலை மற்ற இரு நிலைகளில் ஒவ்வொன்றையும்போல இரு மடங்கு எளிதில் நிகழ்வது என்பதை அவர் கணக்கில் கொள்ளவில்லை. பந்துக் கணக்கில் 1/2 எழுதிய மாணவியும் கலைக்களஞ்சியத்தின் ஆசிரியரும் தடுக்கி விழுந்த இடம் ஒன்றே. இதைத் தெரிந்துகொண்ட ஆசிரியர் அவளுடைய விடையை வேறு மரியாதையோடு படிப்பார்.

கலிலேயோ இதற்கு எதிரான முன்மாதிரி. மூன்று பகடைகளின் கூடுதலாக 9ஐயும் 10ஐயும் பெறுவதற்குத் தலா ஆறு சேர்க்கைகள்தான் இருக்க, அனுபவத்தில் 10 சற்று அடிக்கடி விழுவது ஏன் என்று சூதாடிகள் கேட்ட கேள்விக்குப் பதினேழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அவர் விடை எழுதினார். சேர்க்கைகளை விட்டுவிட்டுப் பகடைகளை ஒவ்வொன்றாகப் பிரித்து எண்ணினால் 216 விளைவுகளில் 9க்கு 25, 10க்கு 27 கிடைக்கின்றன. நூற்றுக்கு ஒன்றுகூட வராத இவ்வேறுபாட்டை ஆடி ஆடியே கண்டுகொண்டவர்களின் கூர்மையும், எதை எண்ண வேண்டும் என்று முடிவு செய்த பிறகே எண்ணத் தொடங்கிய கலிலேயோவின் ஒழுங்கும் ஒருங்கே போற்றத்தக்கவை.

பாடநூல் வினாக்களில் இந்தத் தீர்ப்பு முழுவதும் சில அடைமொழிகளுக்குள் ஒடுக்கப்பட்டிருக்கிறது. ‘சீரான நாணயம்’, ‘நன்கு கலைத்து அடுக்கப்பட்ட சீட்டுக்கட்டு’, ‘சமவாய்ப்பு முறையில் எடுக்கப்படும் பந்து’ ஆகிய தொடர்களை மாணவர்கள் வினாவின் அலங்காரமாகக் கருதித் தாண்டிச் செல்கிறார்கள். உண்மையில் கணக்கின் பாரம் முழுவதையும் தாங்குபவை அவையே. அவற்றை நீக்கிவிட்டால் வகுப்பதற்கு உரிமையில்லை. லாப்லாஸ் 1814இல் வெளியிட்ட தத்துவக் கட்டுரையில் இச்சூத்திரத்துக்கு அதன் மரபுவழி வடிவத்தைத் தந்தபோது, எல்லா நிலைகளும் சம அளவில் இயலக்கூடியவையாக இருக்க வேண்டும் என்பதையும், இல்லையென்றால் ஒவ்வொன்றின் இயலுமையை முதலில் தீர்மானித்தாக வேண்டும் என்பதையும் உடனே சேர்த்துச் சொன்னார். சம வாய்ப்பு என்றால் என்ன என்று விளக்கப் புகுந்தால் நிகழ்தகவு என்ற கருத்தே மீண்டும் தேவைப்படும் என்ற வட்டச் சிக்கல் அதற்குள் இருப்பதைப் பின்வந்தவர்கள் சுட்டிக்காட்டினார்கள். 1933இல் கொல்மொகோரோவ் வகுத்த அடிகோள்கள் அச்சிக்கலைத் தீர்க்காமல் ஒதுக்கி வைத்தன. நிகழ்தகவு எண்கள் எவ்வாறு ஒன்றோடொன்று இயைய வேண்டும் என்று அவை விதித்தனவே தவிர, ஒரு குறிப்பிட்ட நாணயத்துக்கு எந்த எண்ணைத் தர வேண்டும் என்று கூறவில்லை. பள்ளி மாணவருக்கு அடிகோள்கள் தேவையில்லை. அடைமொழியை நிறுத்திப் படிக்கும் பழக்கம் தேவை.

இப்பழக்கத்துக்குச் சீட்டுக்கட்டைவிடத் தாயக்கட்டை ஏற்ற கருவி. சீட்டைத் தொடக்கூடாது என்று வளர்க்கப்பட்ட பிள்ளைக்கு ஸ்பேடும் கிளாவரும் பாடநூலின் அட்டவணையில் மட்டும் உள்ள பெயர்கள். 52க்குள் முக அட்டைகள் எத்தனை என்பதை மனப்பாடம் செய்வதிலேயே அவருடைய கவனம் தீர்ந்துவிடுகிறது. தமிழ் வீடுகளில் ஆடப்படும் தாயத்தின் பித்தளைக் கட்டையோ நீண்ட நான்கு பக்கங்களைக் கொண்டது. பரவலாக வழங்கும் வகையில் ஒரு பக்கம் வெறுமையாகவும், மற்ற மூன்றில் முறையே 1, 2, 3 புள்ளிகள் பொறிக்கப்பட்டும் இருக்கும். இரண்டு கட்டைகளை உள்ளங்கைகளுக்கிடையே உரசி உருட்டும்போது மேலே தெரியும் புள்ளிகளின் கூடுதலே விழுந்த எண். இரண்டுமே வெறுமையாக விழுந்தால் மட்டும் அது 12 என்று கொள்ளப்படும். ஆகவே விழக்கூடிய எண்கள் 1, 2, 3, 4, 5, 6, 12 என ஏழு. இந்த ஏழையும் கூறுவெளியாகக் கொள்பவர் தாயம், அதாவது 1, விழுவதற்கான நிகழ்தகவு 1/7 என்பார். ஒரு கட்டையின் முனையில் சிறிது சாயம் தடவி இரண்டையும் பிரித்தறியச் செய்துவிட்டால், நான்கு பக்கமும் நான்கு பக்கமும் சேர்ந்து 16 இணைகள் இருப்பது கண்ணுக்குத் தெரிந்துவிடும். சாயக் கட்டை 1, மற்றது வெறுமை என்பதும், சாயக் கட்டை வெறுமை, மற்றது 1 என்பதும் வேறு வேறு. ஆகவே தாயத்துக்கு 2/16. அதே எண்ணிக்கையில் 5 இரண்டு முறை, 2உம் 4உம் மும்மூன்று முறை, 3 நான்கு முறை, 6உம் 12உம் ஒவ்வொரு முறை வருகின்றன. 1, 5, 6, 12 விழுந்தால் மறுபடி உருட்டலாம் என்ற பரவலான விதிப்படி, மறு உருட்டல் கிடைப்பதற்கான நிகழ்தகவு 6/16.

இங்கே கவனிக்க வேண்டிய நுட்பம் ஒன்று உண்டு. தவறான முறை தாயத்துக்குத் தரும் 1/7, சரியான 1/8க்கு மிக நெருக்கமானது. காயை இறக்கத் தாயத்துக்காகக் காத்திருந்து பழகியவரும் இவ்வேறுபாட்டை உணரமாட்டார். ஆனால் அதே முறை 12க்கும் 1/7 என்று சொல்லும்போது, உண்மையான 1/16ஐப் போல அது இரு மடங்குக்கும் அதிகமாகிவிடுவதால், நாலைந்து மாலைகள் ஆடிய சிறுமியே மறுத்துவிடுவாள். ஆட்டத்தில் தேறிய அனுபவம் கணக்கின் பிழையைப் பிடிக்கும் இத்தருணத்துக்குப் பாடநூலில் இடம் இருந்திருக்க வேண்டும்.

விடையைச் சுருக்கி எழுதும் வழக்கத்தையும் இவ்விடத்தில் குறிப்பிட வேண்டும். 2/16ஐ 1/8 என்றும், 13/52ஐ 1/4 என்றும் சுருக்காவிட்டால் விடை முழுமை பெறாது என்று பள்ளிகளில் வலியுறுத்தப்படுகிறது. பின்னங்களின் பாடத்தில் அது நல்ல ஒழுக்கம். நிகழ்தகவிலோ சுருக்கப்படாத பின்னமே மாணவர் எந்தக் கூறுவெளியை மனத்தில் கொண்டார் என்பதற்கான ஒரே தடயம். சுருக்கியவுடன் அது அழிந்துவிடுகிறது. இரு வடிவங்களையும் எழுதச் சொல்வதில் எந்த இழப்பும் இல்லை. பின்னங்களை ஒப்பிடும் திறமும் இதைச் சார்ந்ததே. பியாஜேயும் இன்ஹெல்டரும் 1951இல் வெளியிட்ட நூல், சிறு குழந்தைகள் வாய்ப்புகளை ஒப்பிடும்போது பகுதியைப் பார்க்காமல் தொகுதியில் உள்ள எண்ணிக்கையையே பார்க்கிறார்கள் என்று காட்டியது. வளர்ந்தவர்களும் அதிலிருந்து முற்றிலும் விடுபடுவதில்லை. 1994இல் அமெரிக்காவில் டெனிஸ்-ராஜும் எப்ஸ்டைனும் நடத்திய சோதனைகளில், பத்தில் ஒன்று சிவப்பாக உள்ள கிண்ணத்தை விட்டுவிட்டு, நூறில் ஏழு மட்டுமே சிவப்பாக உள்ள கிண்ணத்திலிருந்து மிட்டாய் எடுக்கப் பலர் விரும்பினார்கள். ஏழு ஒன்றைவிடப் பெரிது என்ற கவர்ச்சி, 7/100 பின்னமாக 1/10ஐவிடச் சிறிது என்ற அறிவை வென்றுவிட்டது.

நிகழ்தகவு 0க்கும் 1க்கும் இடையில்தான் இருக்கும் என்பதும், இயலா நிகழ்ச்சிக்கு 0, உறுதி நிகழ்ச்சிக்கு 1 என்பதும், ஒரு நிகழ்ச்சி நடக்காதிருத்தலாகிய நிரப்பு நிகழ்ச்சியின் நிகழ்தகவை 1இலிருந்து கழித்துப் பெறலாம் என்பதும் வகுப்பறைகளில் நன்றாகவே கற்பிக்கப்படுகின்றன. அவற்றுக்கு அடியில் நிற்கும் சம வாய்ப்பு என்ற அனுமானமே பேசப்படாமல் போகிறது.

பத்தாம் வகுப்புப் பயிற்சிகளில் நெடுங்காலமாக இடம்பெற்றுவரும் ஒரு வினா, மறைந்து நிற்கும் அனுமானத்தை மிகத் தெளிவாகக் காட்டக்கூடியது. ஒரு நெட்டாண்டில், அதாவது பிப்ரவரி 29 வரும் 366 நாள் ஆண்டில், 53 சனிக்கிழமைகள் இருப்பதற்கான நிகழ்தகவு யாது? 366 நாட்களில் 52 முழு வாரங்கள் போக எஞ்சுபவை அடுத்தடுத்த இரண்டு நாட்கள். ஞாயிறு-திங்கள், திங்கள்-செவ்வாய் என்று அவ்விணைகள் ஏழு. அவற்றுள் வெள்ளி-சனி, சனி-ஞாயிறு ஆகிய இரண்டில் சனி உண்டு. ஆகவே விடை 2/7. அழகான தருக்கம், முழு மதிப்பெண்ணுக்கும் உரியது. ஆனால் அந்த ஏழு இணைகளும் சம வாய்ப்புடையவை என்று யார் சொன்னது? இங்கே பகடையும் இல்லை, கலைத்த சீட்டும் இல்லை. நாட்காட்டி இருக்கிறது, அதை எண்ணிப் பார்த்துவிடலாம். இன்று வழங்கும் கிரெகோரியன் நாட்காட்டி 400 ஆண்டுகளுக்கு ஒருமுறை அப்படியே திரும்புகிறது. அந்த 400 ஆண்டுகளின் 1,46,097 நாட்கள் மிச்சமின்றி 20,871 வாரங்களாகப் பிரிகின்றன. அவற்றுள் நெட்டாண்டுகள் 97. 97ஐ ஏழால் மிச்சமின்றி வகுக்க இயலாது என்பதிலிருந்தே, அவை வாரத்தின் ஏழு நாட்களிலும் சமமாகத் தொடங்க முடியாது என்பது விளங்கிவிடுகிறது. எண்ணினால், வெள்ளியிலும் ஞாயிறிலும் தொடங்குபவை 15, 15. செவ்வாயிலும் புதனிலும் 14, 14. திங்கள், வியாழன், சனி ஆகியவற்றில் 13, 13, 13. 53 சனிக்கிழமைகள் அமைய வேண்டுமானால் ஆண்டு வெள்ளியிலோ சனியிலோ பிறக்க வேண்டும். ஆகவே விடை 28/97. 2/7க்கும் இதற்கும் உள்ள வேறுபாடு 0.003ஐவிடக் குறைவு, எனினும் ஒன்று அனுமானம், மற்றது எண்ணிக்கை. செவ்வாய்க்கும் வியாழனுக்கும் இதே வினாவைக் கேட்டால் விடை 27/97 என்று இறங்கிவிடுகிறது என்பதையும் ஆர்வமுள்ள மாணவர் தாமே கண்டுபிடித்துவிடுவார். 97 ஆண்டுகளில் ஒன்றைச் சமவாய்ப்பு முறையில் தேர்ந்தெடுப்பதாகக் கொண்டதும் இன்னோர் அனுமானமே. அதை வெளிப்படையாக எழுதிவிட்டால் கணக்கில் மறைவானது எதுவும் எஞ்சுவதில்லை.

சமச்சீர் கைகொடுக்காத இடங்களில் எண்ணிப் பார்ப்பதைத் தவிர வேறு வழியில்லை. ஒன்பதாம் வகுப்பில் பட்டறி நிகழ்தகவு என்று அறிமுகப்படுத்தப்படுவது இதுவே: சோதனையைப் பல முறை நிகழ்த்தி, நிகழ்ச்சி எத்தனை முறை நேர்ந்தது என்பதை முயற்சிகளின் எண்ணிக்கையால் வகுத்தல். முயற்சிகள் பெருகப் பெருக இவ்விகிதம் உண்மையான நிகழ்தகவை நெருங்கும் என்பதை யாக்கோப் பெர்னூலி நிறுவினார். அவர் இறந்து எட்டு ஆண்டுகளுக்குப் பின் 1713இல் அச்சேறிய நூலில் அத்தேற்றம் இருக்கிறது. பொறுமையோடு சுண்டிப் பார்த்தவர்களும் உண்டு. பதினெட்டாம் நூற்றாண்டின் பூஃபோன் 4040 சுண்டல்களில் 2048 தலைகளையும், கார்ல் பியர்சன் 24,000இல் 12,012 தலைகளையும் பெற்றார்கள். இரண்டாம் உலகப் போரின்போது டென்மார்க்கில் தடுத்து வைக்கப்பட்டிருந்த கணிதவியலாளர் ஜான் கெரிச் 10,000 சுண்டல்களில் 5067 தலைகளைக் குறித்து வைத்தார். இவற்றைவிடப் பாடம் தருவது ஆங்கில விலங்கியலாளர் வெல்டன் 1894இல் அறிவியலாளர் கால்டனுக்குத் தெரிவித்த பகடைக் கணக்கு. 12 பகடைகளை 26,306 முறை உருட்டியதில் கிடைத்த 3,15,672 முகங்களில், 5 அல்லது 6 காட்டியவை மூன்றில் ஒரு பங்காக, அதாவது 1,05,224ஆக இருந்திருக்க வேண்டும், விழுந்தவையோ 1,06,602. தற்செயலாக இவ்வளவு மிகை நேர வாய்ப்பு மிகமிகக் குறைவு. புள்ளிகளுக்காகக் குடையப்பட்ட குழிகள் அதிகமுள்ள 5, 6 முகங்கள் சற்று எடை குறைந்து மேலே வந்தன என்பது இதற்குப் பொதுவாகக் கூறப்படும் காரணம். ‘சீரான பகடை’ என்ற அடைமொழி பொய்யாகிவிட்ட இந்தத் தரவைப் பியர்சன் 1900இல், கவனித்ததும் எதிர்பார்த்ததும் எவ்வளவு விலகினால் ஐயம் கொள்ளலாம் என்பதற்கு அவர் வகுத்த புகழ்பெற்ற சோதனையை விளக்கப் பயன்படுத்திக்கொண்டார்.

வகுப்பில் நாணயம் சுண்டும் செயல்பாடு பல வேளைகளில் ஒரு பொய்யோடு முடிவது வருத்தத்துக்குரியது. 50 முறை சுண்டச் சொன்னால், 25க்கு அருகில் வராதவர்கள் தாங்கள் ஏதோ பிழை செய்துவிட்டதாக அஞ்சிக் குறிப்பேட்டில் எண்ணைத் திருத்திவிடுகிறார்கள். சீரான நாணயத்தை 50 முறை சுண்டினால் சரியாக 25 தலைகள் விழுவதற்கான நிகழ்தகவு ஏறத்தாழ 0.11 மட்டுமே, 18 முதல் 32 வரை எது விழுந்தாலும் வியப்பில்லை. 19 என்று நேர்மையாக எழுதிய மாணவரின் தாளை ஆசிரியர் எல்லோருக்கும் எடுத்துக் காட்ட வேண்டும். திருத்திய எண்களை வைத்துக்கொண்டு பெர்னூலியின் தேற்றத்தைக் காண இயலாது.

தாயக்கட்டை இல்லாத வீடுகளில் சோழியும் புளியங்கொட்டையும் அதன் வேலையைச் செய்கின்றன. கொட்டையின் ஒரு பக்கத்தைத் தரையில் உரசி வெள்ளையாக்கிவிட்டு வீசினால், விழுவது வெள்ளை அல்லது கருப்பு என இரண்டே விளைவுகள். ஆனால் உரசிய பக்கம் தட்டை, உரசாத பக்கம் மேடு, எனவே 1/2 என்று எழுத எந்த நியாயமும் இல்லை. 40 பேர் உள்ள வகுப்பில் ஒரே கொட்டையை ஆளுக்கு 50 முறை வீசினால் 2000 வீச்சுகள் கிடைக்கும். தனித்தனியாகப் பார்த்தால் ஒருவர் பெறும் விகிதம் உண்மையிலிருந்து 0.14 வரை இப்படியோ அப்படியோ விலகியிருப்பது சாதாரணம். எல்லாவற்றையும் சேர்த்துவிட்டால் அவ்விலகல் 0.02 அளவுக்குச் சுருங்கிவிடும். அடுத்த பிரிவினர் வேறொரு கொட்டையை உரசி எடுத்து வீசினால், உரசலின் ஆழத்துக்கும் கொட்டையின் வடிவுக்கும் ஏற்ப அவர்களுடைய எண் வேறாக இருக்கும். இரண்டு எண்களும் சரியே. ஆகவே விடைத்தாளைத் திருத்துபவர் பார்க்க வேண்டியவை, எத்தனை வீச்சுகள் என்று எழுதப்பட்டிருக்கிறதா, விளிம்பில் நின்றதும் பாயிலிருந்து உருண்டு ஓடியதும் எண்ணப்பட்டனவா விடப்பட்டனவா என்று குறிக்கப்பட்டிருக்கிறதா, கொட்டை நடுவில் மாற்றப்பட்டதா என்பவை.